கோயிலுக்கு முன் இருந்த கொட்டகை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடலூர் வட்டாரத்துப் பழைய தேவாலயங்களைப் பற்றி அண்மையில் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையையும், அதைத் தொடர்ந்து வெளியான வாசகர் கடிதங்களையும் ஒன்று விடாமல் படித்தேன். கட்டுரை மிகுந்த உழைப்புடன் எழுதப்பட்டிருந்தது. அதில் எனக்குக் குறை ஏதும் இல்லை. ஆனால் கடிதம் எழுதிய அன்பர் ஒருவர், இக்காலத்தில் மனைப்பிரிவுதோறும் தோன்றும் புதிய சபைகள் எல்லாம் மனத்தாங்கலால் பிரிந்து போனவர்கள் தொடங்கியவை என்றும், அவற்றுக்கு எழுதி வைக்கத்தக்க வரலாறு எதுவும் இல்லை என்றும் குறிப்பிட்டிருந்தார். எல்லாச் சபைகளைப் பற்றியும் பேச எனக்கு அறிவு போதாது. ஆயினும் ஆங்கிலிக்கன் என்னும் இங்கிலாந்துத் திருச்சபை மரபில் வந்த ஒரு சபை, செம்மண்டலத்துக்கு அப்பால் நெல்லிக்குப்பம் சாலையை ஒட்டிய புது மனைப்பகுதியில் நட்டு வைக்கப்பட்ட நாளிலிருந்து அதன் அருகிலேயே இருந்தவள் நான். அதன் முதல் ஏழு ஆண்டுகளின் வருகைப் பதிவையும் காணிக்கைக் கணக்கையும் என் கையால் எழுதியவள். அந்த உரிமையில்தான் இக்கடிதத்தை எழுதுகிறேன். இது ஒரு சபைக்கான விளம்பரமாக ஆகிவிடக் கூடாது என்பதால் அதன் பெயரை எழுதவில்லை.

முதலில், 'வரலாறு இல்லை' என்ற சொல்லைப் பற்றி. கட்டுரையில் போற்றப்பட்ட பழைமையும் ஒரு காலத்தில் புதுமையாகவே இருந்தது. தரங்கம்பாடியில் 1706-இல் வந்திறங்கிய ஜெர்மானிய ஊழியர் சீகன்பால்கு ஐயர், 1717-இல் கடலூரில் ஏழைப் பிள்ளைகளுக்காக ஒரு பள்ளியை ஏற்படுத்தினார். இவ்வூரில் சீர்திருத்த (புரொட்டஸ்டன்ட்) சபைகளின் தொடக்கம் அந்தப் பள்ளிதான். இதே கடலூரில் பிறந்த ஆறுமுகம் என்பவர் ஆரோன் என்ற பெயரில் திருமுழுக்குப் பெற்று, 1733-இல் குருப்பட்டமும் பெற்றார். சீர்திருத்த சபையில் அப்பட்டத்தை அடைந்த முதல் இந்தியர் அவரே. பின்னர் லண்டனிலிருந்த எஸ்.பி.சி.கே. என்னும் ஆங்கிலிக்கன் சங்கத்தின் ஊழியராக, சுவீடன் நாட்டவரான கீர்நாண்டர் 1740-இல் இங்கு வந்து சேர்ந்தார். பணம் அனுப்பியவர்கள் ஆங்கிலிக்கர்கள், ஊழியம் செய்தவர்கள் ஜெர்மனியில் படித்த லூத்தரன்கள் என்ற விந்தையான கூட்டுறவில்தான் நம் ஊர்ச் சபை வளர்ந்தது. வந்து ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1749-இல்தான் கீர்நாண்டருக்குக் கோயில் கட்டடம் ஒன்று கிடைத்தது; அதுவும் கடற்படைத் தளபதி பாஸ்கவனின் ஆணையால் கத்தோலிக்கரிடமிருந்து எடுத்துக் கொடுக்கப்பட்டது. அந்தச் செயலில் பெருமைப்பட ஒன்றுமில்லை என்பது என் கருத்து. ஆனாலும் அதை மறைத்து வரலாறு எழுதக் கூடாது. 1758-இல் பிரெஞ்சுத் தளபதி லாலி தேவனாம்பட்டினத்துப் புனித டேவிட் கோட்டையைப் பிடித்தபோது கீர்நாண்டர் இருந்ததையெல்லாம் விட்டுவிட்டுக் கல்கத்தாவுக்குப் போனார்.

இவையெல்லாம் நமக்கு எப்படித் தெரிகின்றன? அந்த ஊழியர்கள் தங்கள் அன்றாடச் செய்திகளை, மழை பெய்தது, பிள்ளைகள் வரவில்லை, உபதேசியாருக்குக் காய்ச்சல் என்பது வரையில் கடிதங்களாகவும் நாட்குறிப்புகளாகவும் எழுதி ஜெர்மனியின் ஹாலே நகருக்கு அனுப்பினார்கள்; அங்கே அவற்றை அச்சிட்டார்கள், இன்று வரை பாதுகாத்தும் வருகிறார்கள். முந்நூறு ஆண்டுகளுக்கு முந்தைய கடலூரைப் பற்றி ஹாலேயில் காகிதம் இருக்கிறது. பதினைந்து ஆண்டுகளுக்கு முந்தைய எங்கள் கொட்டகையைப் பற்றி, என் வீட்டு அலமாரியிலுள்ள மூன்று நீள நோட்டுகளைத் தவிர வேறு எங்கும் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. இந்தக் கவலைதான் என்னை எழுத வைக்கிறது.

இனி, பிரிந்து போனவர்கள் என்ற குற்றச்சாட்டு. ஆங்கிலிக்கன் ஒழுங்கில் ஒருவர் தாமாகவே பெயர்ப்பலகையை மாட்டிச் சபை தொடங்கிவிட இயலாது. தாய்ச்சபையின் குருசேகரக் குழு, அதாவது ஓர் ஆயரின் பொறுப்பிலுள்ள சபைகளின் நிர்வாகக் குழு, தீர்மானம் எழுத வேண்டும். ஆயர் அதைப் பேராயருக்கு அனுப்ப வேண்டும். பேராயரின் இசைவு வந்த பிறகே புது இடத்தில் திருவிருந்து, அதாவது அப்பமும் திராட்சை ரசமும் பகிரும் நற்கருணை, நடத்தலாம். திருவிருந்தை நடத்தும் பொறுப்பு குருப்பட்டம் பெற்றவருக்கு மட்டுமே உரியது என்பதால், மாதத்தில் ஒரு ஞாயிறுதான் எங்களுக்கு ஆயர் கிடைப்பார். மற்ற ஞாயிறுகளில் சபை ஊழியரோ, அவரும் வர இயலாத நாளில் எங்களுள் ஒருவரோ ஜெபப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு காலை ஆராதனையை நடத்துவோம். பாவ அறிக்கை, சங்கீதம், இரண்டு வேதபாடங்கள், விசுவாசப் பிரமாணம் என்று வரிசை மாறாது. பேச்சு வன்மை உள்ளவர் எவரும் இல்லாத ஒரு சிறு கூட்டம் சிதறாமல் நிற்பதற்கு இந்த ஒழுங்கு எவ்வளவு பெரிய துணை என்பதை அந்த ஆண்டுகளில்தான் உணர்ந்தேன். ஆயர் வராத நாளிலும் நாங்கள் படித்த சங்கீதமும் தாய்ச்சபையில் படித்த சங்கீதமும் ஒன்றாகவே இருந்தன.

2008-ஆம் ஆண்டு, ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலமான லெந்து காலத்தில் ஐந்து குடும்பங்கள் வெள்ளிக்கிழமை மாலைகளில் ஒரு பெரியவரின் மொட்டை மாடியில் ஜெபத்துக்குக் கூடியதே தொடக்கம். காரணம் எளியது. தாய்ச்சபை எட்டுக் கிலோமீட்டர் தொலைவில் இருந்தது. ஞாயிறு காலைகளில் நகரப் பேருந்து எப்போது வரும் என்று சொல்ல முடியாது. முழங்கால் வலி உள்ள முதியவர்களும் கைக்குழந்தைக்காரிகளும் மாதக்கணக்கில் கோயிலைப் பார்க்காமல் இருந்தார்கள். அந்தப் பெரியவர் தாமே தாய்ச்சபை ஆயரிடம் போய், "ஐயா, நாங்க வர முடியலை, நீங்கதான் வரணும்" என்று கேட்டார். சபை பிறந்தது அந்த வேண்டுகோளில்தான். தாய்ச்சபை மனமுவந்து இசைந்தது. இருபது பாய்களும் ஒரு பழைய ஆர்மோனியமும் சீதனமாகக் கொடுத்தது.

2009 நவம்பர் 29, கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. சவுக்குக் கம்பு நட்டு, மூங்கில் பரப்பி, தென்னங்கீற்று வேய்ந்த கொட்டகையில் முதல் ஞாயிறு ஆராதனை நடந்தது. வடகிழக்குப் பருவமழை நின்று பெய்யும் காலத்தில் கொட்டகை போட்டதைப் பலர் குறை கூறினார்கள். ஆயினும் திருச்சபை ஆண்டு தொடங்கும் நாளிலேயே தொடங்க வேண்டும் என்பது ஆயரின் விருப்பம். முப்பத்து நான்கு ஆண்டுகள் அஞ்சல் துறையில் கணக்கு எழுதிய பழக்கத்தால், அன்று காலையே ஒரு நீள நோட்டில் கட்டம் போட்டு வைத்திருந்தேன். அன்றைய பதிவு இப்படி இருக்கிறது: ஆண்கள் 11, பெண்கள் 19, பிள்ளைகள் 14, காணிக்கை ரூ. 463, திருவிருந்து பெற்றவர்கள் 26, குறிப்பு, வடமேற்கு மூலையில் ஒழுகல். மணி வாங்கப் பணம் இல்லாததால் வேப்பமரக் கிளையில் ஒரு தண்டவாளத் துண்டைக் கட்டித் தொங்கவிட்டிருந்தோம். அதன் ஓசை கணீரென்று மூன்று தெருவுக்குக் கேட்கும். அதைக் கேட்டுத்தான் மணி ஏழரை ஆயிற்று என்று தெரிந்துகொள்வதாகப் பால்காரர் என்னிடம் சொன்னதுண்டு.

வந்தவர்கள் யார் என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் அங்கேதான் எங்கள் இன்பமும் இருந்தது, துன்பமும் இருந்தது. 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் ஆங்கிலிக்கர், மெதடிஸ்டுகள், தென்னிந்திய ஐக்கிய சபையார் ஆகியோர் ஒன்றாகித் தென்னிந்தியத் திருச்சபை உருவாயிற்று என்பதைப் பாடமாக அனைவரும் அறிவோம். அந்த ஐக்கியம் எங்கள் கொட்டகையில் பாய் போட்டு உட்கார்ந்திருந்தது. நாசரேத்திலிருந்து வேலை நிமித்தம் வந்த எஸ்.பி.ஜி. என்னும் ஆங்கிலிக்கன் மிஷன் சங்கத்தின் பரம்பரைக் குடும்பம் ஒன்று. மன்னார்குடிப் பக்கத்து மெதடிஸ்டு வழியினர் இருவர். மதுரை அமெரிக்கன் மிஷன் வழிவந்த ஆசிரியத் தம்பதியர். இவர்களோடு, பக்கத்தில் வேறு கோயில் இல்லாததால் எங்களுடன் சேர்ந்துகொண்ட ஆற்காடு லூத்தரன் சபைக் குடும்பங்கள் மூன்று. ஒரே பாமாலைக்கு நான்கு ராகம் இருந்தது. ஒருவர் விசுவாசப் பிரமாணத்தின்போது கிழக்கே திரும்புவார், மற்றவர் திரும்பமாட்டார்.

திருவிருந்தில்தான் பிணக்கு வந்தது. முழந்தாளிட்டு ஒரே பாத்திரத்தில் பருகுவது ஆங்கிலிக்கன் வழக்கம். உட்கார்ந்த இடத்திலேயே தனித்தனிச் சிறு கிண்ணங்களில் பெறுவது வேறு சிலரின் வழக்கம். 2010-ஆம் ஆண்டின் நடுவில் இரண்டு மாதம் இதைப் பற்றியே பேச்சாக இருந்தது. ஆயர் ஒருவரையும் கடிந்துகொள்ளவில்லை. முழங்காலிட இயலாதவர் நின்றே பெறலாம், பாத்திரம் மட்டும் ஒன்றாகவே இருக்கும் என்று முடிவு கூறினார். ஒரு குடும்பம் மனம் வருந்தி ஓராண்டு வராமல் இருந்து, பிறகு தானாகவே திரும்பி வந்தது. இதை எழுதுவது அவர்களுக்குக் குறை கற்பிக்க அல்ல. தொடக்க நாட்களைப் பற்றிப் பேசுபவர்கள் எல்லாரும் ஒருமனமாக இருந்தோம் என்று மட்டுமே சொல்லிவிடுகிறார்கள். ஒருமனம் எத்தனை மாதத்தில், யாருடைய பொறுமையால் வந்தது என்பதைச் சொல்வதில்லை. எங்களிடையே அது வந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு என்று நினைக்கிறேன். எங்கள் திருச்சபையின் திருவிருந்து முறைமையில், காணிக்கை படைக்கும் முன் ஒருவர் கையை மற்றவர் இரு கைகளுக்குள் வாங்கிச் சமாதானம் கொடுக்கும் வழக்கம் உள்ளது. நாற்பது பேர் மட்டுமே உள்ள கொட்டகையில், பேசாமல் இருப்பவரைத் தாண்டிச் சமாதானத்தை அனுப்ப வழியில்லை.

2011 டிசம்பர் 30, வெள்ளிக்கிழமை. தானே புயல் அதிகாலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்ததை இம்மாவட்டத்தில் மறந்தவர் இருக்க முடியாது. பண்ருட்டிப் பக்கத்துப் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்த அந்தக் காலையில் எங்கள் கீற்றுக் கொட்டகை எம்மாத்திரம்? விடிந்து போய்ப் பார்த்தபோது மூன்று கம்புகள் நின்றன. வேப்பமரம் விழுந்து கிடந்தது. அதன் கிளையில் தண்டவாளத் துண்டு அவிழாமல் கட்டியபடியே இருந்தது. மரப்பெட்டியிலிருந்த ஜெபப் புத்தகங்கள் நனைந்து உப்பிப் போயிருந்தன. அவற்றை ஏடு ஏடாகப் பிரித்து மாடியில் காய வைத்தோம். அவற்றுள் ஒன்று, ஓரங்களில் செம்மண் கறையுடன், இன்னும் என்னிடம் இருக்கிறது.

மறுநாள் ஆண்டிறுதி ஆராதனை. எங்கும் மின்சாரம் இல்லை. தெருவெல்லாம் மரமும் அறுந்த கம்பியும். வழக்கமாக இரவு பதினொரு மணிக்குத் தொடங்குவதை மாலை ஐந்தரைக்கே தொடங்கி, அந்தப் பெரியவரின் வீட்டுக் கூடத்தில் இரண்டு அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் நடத்தினோம். சாலை அடைபட்டதால் ஆயரால் வர இயலவில்லை. ஆகவே திருவிருந்து இல்லை. பாவ அறிக்கையைச் சொல்லி முடித்ததும் வழக்கத்துக்கு மாறாக நெடுநேரம் யாரும் எழவில்லை. புத்தாண்டு ஞாயிறன்று பிற்பகலில் ஆயர் சைக்கிளில் வந்து சேர்ந்தார். பாதி வழி சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு மரங்களைத் தாண்டி வந்ததாகச் சொன்னார். மேலே கூரையில்லாத அந்த மண்தரையில், உடையாமல் தப்பிய சிறு தேக்கு மேசையின் மேல் வெள்ளைத் துணி விரித்துத் திருவிருந்து கொடுத்தார். அன்று பெற்றவர்கள் 58 பேர் என்று நோட்டில் இருக்கிறது. அதுவரை அதுவே மிகுந்த எண்ணிக்கை.

எங்கள் தெரு மாரியம்மன் கோயில் நிர்வாகத்தார், கூழ் ஊற்றும் விழாவுக்கென வாங்கி வைத்திருந்த பெரிய தார்ப்பாயை அந்த வாரமே கொண்டுவந்து கொடுத்தார்கள். தகரக் கூரை போடும் வரையில், ஆறு மாதத்துக்கு மேல் அதன் நிழலில்தான் ஆராதனை நடந்தது. ஆடி பிறப்பதற்கு முன் துவைத்து உலர்த்தித் திருப்பிக் கொடுத்தோம். இந்த உதவிக்கு எங்கள் சபையின் எந்தக் கல்வெட்டிலும் இடமில்லை என்பதால் தங்கள் நாளிதழிலாவது பதிவாகட்டும்.

புதுச் சபைக்கு இன்னொரு நிலையும் உண்டு. வெளியில் இருப்பவர்களுக்கு அது தெரிவதில்லை. அதற்கெனத் தனிப் பதிவேடுகள் இல்லாத காலத்தில் எங்களுடைய ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் எல்லாம் தாய்ச்சபையின் ஏடுகளிலேயே ஏறும். 1872-ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி திருமணப் பதிவுகளை முறையாக எழுதி, அதன் நகல்களை அரசுப் பதிவாளருக்கு அனுப்ப வேண்டும் என்பதால், முதல் திருமணங்களின் ஓலை, அதாவது திருமண அறிவிப்பு, எங்கள் கொட்டகையிலும் வாசிக்கப்பட்டாலும் தாலி கட்டியது தாய்ச்சபையில்தான். கல்லறைத் தோட்டமும் அங்கேதான். 2012-ஆம் ஆண்டு லெந்து காலத்தில் மொட்டை மாடி கொடுத்த பெரியவர் காலமானார். தாய்ச்சபையின் அடக்கப் பதிவேட்டில் அவர் பெயர், வயது, தொழில், தேதி ஆகிய நான்கும் உள்ளன. 2013-இல் நாட்டப்பட்ட அடிக்கல்லில் கல்லை நாட்டியவர் பெயரும் உடன் நின்றவர்கள் பெயர்களும் உள்ளன, அது முறைதான். 2015 நவம்பர் வெள்ளத்தில் பாதிச் சுவர் வரை தண்ணீர் நின்று, பிறகு எழும்பி, 2016-இல் கோயில் பிரதிஷ்டை ஆயிற்று. பேராயர் தம் கோலால் மூடிய கதவை மூன்று முறை தட்ட, 24-ஆம் சங்கீதம் வாசிக்கப்பட, கதவு திறந்தபோது உள்ளே போன கூட்டத்தில் பாதிப்பேர் கொட்டகையைக் கண்ணால் பார்த்திராதவர்கள். அன்று வெளியிட்ட மலரில் சபையின் வரலாறு அடிக்கல்லிலிருந்து தொடங்குகிறது. மாடியும் பாயும் ஆர்மோனியமும், "நீங்கதான் வரணும்" என்று போய்க் கேட்ட மனிதரும் அதில் இல்லை. யாரும் வேண்டுமென்று விட்டுவிடவில்லை; மலர் தயாரித்த இளைஞர்களிடம் எவரும் எழுதிக் கொடுக்கவில்லை. அந்தத் தவறு என்னுடையதும் ஆகும். கேட்டால் கொடுப்போம் என்று நோட்டுகளை அலமாரியில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

அந்த ஐந்து குடும்பங்களின் பெரியவர்களில் இன்று உயிரோடு இருப்பவர்கள் மூவர். அவர்களில் ஒருவருக்கு நினைவு தடுமாறுகிறது. அக்காலத்தில் எடுத்த படங்களெல்லாம் பழைய கைப்பேசிகளோடு போய்விட்டன. காகிதத்தில் அச்சிட்ட ஒரே ஒரு படம், தகரக் கூரைக்கு அடியில் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள் குருத்தோலையுடன் நிற்பது, ஒரு வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறது. அதில் முன்வரிசையில் நிற்கும் சிறுமி இப்போது செவிலியராகப் பணிபுரிகிறாள்.

ஆகவே தங்களிடம் ஒரு விண்ணப்பம். தேவாலயங்களைப் பற்றி அடுத்து எழுதும்போது, கோபுரமும் ஆண்டுக்கணக்கும் உள்ளவற்றோடு, கொட்டகையிலும் மாடியிலும் வாடகைக் கூடத்திலும் தொடங்கிய சபைகளுக்கும் ஓரிடம் தாருங்கள். அவற்றின் முதல் ஆண்டுகளை அறிந்தவர்கள் எழுதி அனுப்புமாறு கேளுங்கள். கடிதம் எழுதிய அன்பரை எங்கள் கோயிலுக்கு ஒரு ஞாயிறு வருமாறு மனமார அழைக்கிறேன். புதிய சபைகளில் கணக்கு எழுதும் சகோதர சகோதரிகளுக்கும் ஒரு சொல்: வருகை, காணிக்கை ஆகிய கட்டங்களுக்குப் பக்கத்தில் குறிப்புக்கென ஒரு கட்டம் போட்டு, அன்று மழையா, யார் புதிதாக வந்தார், யார் விளக்கு கொண்டுவந்தார் என்று ஒரு வரி எழுதி வையுங்கள். நிரம்பிய நோட்டுகளை வீட்டில் வைத்திருக்காமல் குருசேகர அலுவலகத்தில் ஒப்படையுங்கள். பெங்களூரு ஐக்கிய இறையியல் கல்லூரியின் ஆவணக் காப்பகம் போன்ற இடங்களில் திருச்சபை ஆவணங்களைப் பாதுகாக்கிறார்கள் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

என்னிடமுள்ள மூன்று நோட்டுகளையும் படியெடுத்து, மூலத்தை வருகிற திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறன்று ஆயரிடம் ஒப்படைக்கிறேன். முதல் பக்கத்தில் மொட்டை மாடி கொடுத்தவரின் பெயரைப் புதிதாக எழுதியிருக்கிறேன். பிற்காலத்தில் எழுதிச் சேர்த்தது என்று தெரியும்படி, அதன் கீழே இன்றைய தேதியையும் என் கையொப்பத்தையும் இட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
அஞ்சல் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்ற வாசகி,
கடலூர்.